மூன்று பெயர் பூண்ட இழுவைக் கப்பல்

நாவாய், வங்கம், அம்பி, பஃறி, திமில், தோணி, ஓடம் என்று கலங்களுக்குப் பெயர் சூட்டுவதில் தமிழ் ஒருநாளும் வறுமை கண்டதில்லை. ஆழ்கடலில் செல்வதற்கு ஒரு பெயர். கழியில் செல்வதற்கு ஒரு பெயர். மீன்வேட்டைக்குச் செல்வதற்கு வேறொரு பெயர். இந்நீண்ட வரிசையில் கடைசியாக வந்து சேர்ந்தது இழுவைக் கப்பல் என்பது. துறைமுகத் தொழிலாளரின் வாயில் அது 'டக்' என்றே வழங்கும். ஏனைய கலங்கள் தாம் சுமப்பவற்றால் பெயர் பெற்றவை. சரக்குக் கப்பல் சரக்கைச் சுமக்கிறது. பயணிகள் கப்பல் மக்களைச் சுமக்கிறது. இழுவைக் கப்பலோ தனக்கென எதையும் சுமப்பதில்லை. பிறிதொரு கலத்தை இழுப்பதும் தள்ளுவதுமே அதன் தொழில். வேலை முடிந்ததும் கயிற்றைக் கழற்றிக்கொண்டு திரும்பிவிடும். இழுத்து வரப்பட்ட கப்பலின் பெயர் செய்தித்தாளில் வரும். இழுத்து வந்ததன் பெயர் வாராது.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு ஓவியக் கலையிலேயே உண்டு. ஆங்கில ஓவியர் டர்னர் 1839இல் காட்சிக்கு வைத்த ஓவியம் ஒன்று உலகப் புகழ் பெற்றது. டிரபால்கர் கடற்போரில் பங்குகொண்ட 'டெமரேர்' என்னும் பெரும் போர்க்கப்பல், வயது முதிர்ந்து, உடைக்கப்படுவதற்காகத் தேம்சு ஆற்றில் இழுத்துச் செல்லப்படும் காட்சி அது. போர்க்கப்பல் வெண்மையும் பொன்மையும் கலந்து ஒளிர்கிறது. அதனை இழுக்கும் சிறு நீராவிக் கலமோ கரிய உருவத்தோடு புகையைக் கக்குகிறது. உண்மையில் 1838இல் அக்கப்பலை இழுத்துச் சென்றவை இரண்டு இழுவைகள். ஓவியர் ஒன்றை மட்டுமே வரைந்தார். விடுபட்ட மற்றொன்றுக்காக வருந்தியவர் மிகச் சிலராகவே இருத்தல் வேண்டும்!

இவ்வாறு பிறர் புகழுக்குப் பின்னால் நின்று உழைத்த கலம் ஒன்றின் வாழ்க்கையை, அது நீரில் இறங்கிய நாள் தொட்டு ஓய்வு பெற்ற நாள் வரையில் தொடர்ந்து காண்பதே இக்கட்டுரையில் நாம் மேற்கொண்ட பணி. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடமேற்குக் கடற்கரையில் 1889ஆம் ஆண்டில் கட்டப்பட்டு, 1968 வரை ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் உழைத்த 'ஆர்தர் ஃபாஸ்' என்னும் மர இழுவைக் கப்பலே அது. பிறந்தபோது அதன் பெயர் 'வலோவா'. இடையில் கடற்படை அதற்குச் சூட்டிய பெயர் 'டோகாசன்'.

இழுவையின் உடலமைப்பு

வாழ்க்கை வரலாற்றுக்குள் புகுமுன் இழுவைக் கப்பலின் அமைப்பைச் சிறிது அறிந்துகொள்ளுதல் நலம். நீராவியால் இயங்கும் இழுவை முதன்முதலில் பயன்படத்தக்க வகையில் தோன்றியது இசுகாட்லாந்தில். வில்லியம் சிமிங்டன் என்பார் உருவாக்கிய 'சார்லட் டன்டாஸ்' 1803ஆம் ஆண்டில் ஒரு கால்வாயில் 70 டன் எடையுள்ள இரண்டு படகுகளை இழுத்துச் சென்று காட்டியது. ஆயினும் அது எழுப்பும் அலைகளால் கால்வாயின் கரைகள் அரிக்கப்படும் என்று அஞ்சிய உரிமையாளர்கள் அதனைக் கைவிட்டனர். முதல் இழுவைக்கே நன்றி கிட்டவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

இழுவையின் உடல் சிறிது, பொறி பெரிது. சரக்கறை இருக்க வேண்டிய இடத்தையெல்லாம் பொறியே நிரப்பிக்கொள்ளும். பின்பக்கத் தளம் தாழ்ந்தும் வெறுமையாகவும் இருக்கும். இழுகயிறு தடையின்றிப் பக்கவாட்டில் அசைய வேண்டும் என்பதே அதன் காரணம். அடியில் சுழலும் விசிறி கலத்தின் அளவை நோக்கப் பெரியதாய், நீரில் ஆழ்ந்து அமைந்திருக்கும். கயிற்றைக் கட்டும் தறி கலத்தின் கடைக்கோடியில் அன்று, நடுப்பகுதிக்குச் சற்றுப் பின்னே நடப்பட்டிருக்கும். கடைக்கோடியில் கட்டினால் சுக்கானை எவ்வளவு திருப்பினும் கயிற்றின் இழுப்பு கலத்தைத் திரும்பவிடாது. நடுவை அண்டிக் கட்டினால் இழுத்துக்கொண்டே திரும்பலாம்.

ஆனால் அவ்வசதியிலேயே உயிருக்கு உலைவைக்கும் ஆபத்தும் உள்ளது. இழுக்கப்படும் பெருங்கப்பல் எதிர்பாராமல் வேகம்கொண்டு ஒதுங்கினால், கயிறு இழுவையின் விலாப்புறத்தில் குறுக்காக இறுகும். அக்கணத்தில் கயிற்றைத் தளர்த்தவோ வெட்டவோ இயலாவிடின், நூறு மடங்கு பெரிய கப்பலின் எடை சிறு கலத்தைக் கவிழ்த்துவிடும். இவ்வாறு நொடிப்பொழுதில் மூழ்கிய இழுவைகள் உலகின் எல்லாத் துறைமுகங்களிலும் உண்டு. ஆதலின், இழுவைத் தலைவனுக்கு முன்னே பார்க்கும் கண்ணைவிடப் பின்னே பார்க்கும் கண்ணே முதன்மையானது.

திறந்த கடலில் இழுகயிற்றை நீளமாக விடுவர். தன் எடையால் அது நீருக்குள் வளைந்து தொங்கும். அலை ஏறி இறங்கும்போது அவ்வளைவு நிமிர்ந்தும் தாழ்ந்தும் அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும். விறைப்பாக இழுத்துப் பிடித்த கயிறே அறும். தொய்வு உள்ள கயிறு தாங்கும்.

ஆற்று முகத்தில் தொடங்கிய பணி

1889ஆம் ஆண்டில் ஒரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்து நகரில், ஒரிகன் இரயில்வே மற்றும் கப்பல் போக்குவரத்துக் குழுமத்துக்காக 'வலோவா' கட்டப்பட்டது. உடல் முழுவதும் அப்பகுதியின் டக்ளஸ் ஃபர் மரத்தால் ஆனது. நீளம் ஏறத்தாழ 112 அடி. அகலம் 24 அடி அளவினது. அதில் பொருத்தப்பட்ட நீராவிப் பொறி புதியதன்று. 'டொனால்ட்' என்னும் முந்தைய இழுவையினின்றும் எடுக்கப்பட்டது. பிறக்கும்போதே பிறர் இதயத்தோடு பிறந்த கலம் என்று இதனைக் கூறலாம்.

இக்கலத்திற்கு வகுக்கப்பட்ட முதற்பணி எளிதன்று. அமெரிக்க வடமேற்கின் பேராறாகிய கொலம்பியா பசிபிக் பெருங்கடலில் கலக்கும் இடத்தில், ஆறு கொணரும் மணல் திட்டுத் திட்டாகப் படிந்து கிடக்கும். ஆற்றின் வேகமும் கடலின் பேரலையும் அத்திட்டுகளின்மேல் மோதிக்கொள்ளும். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதி தொட்டு அம்முகத்துவாரத்தையும் அதனை அடுத்த கரையையும் சுற்றி உடைந்த கலங்கள், பெரியவும் சிறியவுமாக, ஏறத்தாழ 2,000 என்பர். 'பசிபிக்கின் இடுகாடு' என்று மாலுமிகள் அதற்குப் பெயரிட்டனர்.

ஒரிகனில் விளைந்த கோதுமையை ஏற்றிக்கொண்டு ஐரோப்பாவுக்குச் செல்லும் பாய்க்கப்பல்கள் இம்முகத்துவாரத்தைக் கடந்தாக வேண்டும். நடுக்கடலில் காற்று பொய்த்தால் காத்திருக்கலாம். மணல் திட்டுக்கு நடுவில் காற்று பொய்த்தால் காத்திருக்க இயலாது. நீரோட்டம் கப்பலைத் திட்டின்மேல் ஏற்றிவிடும். காற்றை நம்பாத நீராவிக் கலம் ஒன்று கைப்பிடித்து அழைத்துச் செல்ல வேண்டிய இடம் அதுவே. 'வலோவா' அப்பணியைப் புரிந்தது. ஈராயிரம் டன் கோதுமையைத் தாங்கிய பாய்க்கப்பலின் நலன், திட்டைக் கடக்கும் அச்சில நாழிகைகளில், இச்சிறு கலத்தின் கொதிகலனையும் ஒரு கயிற்றையும் நம்பி நின்றது.

1897ஆம் ஆண்டு சூலைத் திங்களில் கனடாவின் குளோண்டைக் பகுதியினின்றும் பொன் ஏற்றிய கப்பல் சியாட்டில் நகரை வந்தடைந்தது. செய்தி பரவியதும், கடைக்காரரும் ஆசிரியரும் காவலரும் தத்தம் தொழிலை விட்டு வடக்கே விரைந்தனர். ஏறத்தாழ ஓரிலட்சம் பேர் புறப்பட்டதாகக் கணக்கிடுவர். அவர்களுள் சேர்ந்தவர் பாதியினும் குறைவு. ஓராண்டுக்கு வேண்டிய உணவும் கருவியும் இல்லாதவரை எல்லைக்குள் விடுவதில்லை என்று கனடிய அதிகாரிகள் விதித்தனர். அதன் எடை ஒருவருக்கு ஏறத்தாழ ஒரு டன் ஆயிற்று. இத்துணைப் பொருளையும் ஏற்றிச் செல்லப் போதிய கப்பல்கள் இல்லை. எனவே பழைய உடல்களெல்லாம் இழுபடகுகளாக மாறின. அவற்றை அலாஸ்காக் கரைக்கு இழுத்துச் சென்ற இழுவைகளுள் 1898இல் 'வலோவா'வும் ஒன்று. பொன் எடுத்தவர் சிலர். பொன் தேடிப் பொருளிழந்தவர் பலர். இருசாராரையும் ஏற்றியும் இழுத்தும் சென்றவர்க்கு மட்டும் கூலி தவறாமல் கிடைத்தது.

மரமிழுத்த காலம்

பொன் ஆசை தணிந்தது, பாய்க்கப்பல்களும் குறையலாயின. இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் 'வலோவா' மெரில் அண்டு ரிங் என்னும் மரவணிக நிறுவனத்தின் கைக்கு மாறியது. வாஷிங்டன் மாநிலத்துக் காடுகளில் வெட்டிய பெருமரங்களை அறுப்பாலைகளுக்கு இழுத்துச் செல்வது அதன் வேலையாயிற்று. இக்கலத்தின் வாழ்நாளில் பெரும்பகுதியை விழுங்கியது இவ்வேலையே என்பதால் இதனைச் சற்று விரித்துரைப்போம்.

வெட்டிய மரங்களை நீரில் இறக்கி, நீண்ட தடிகளைச் சங்கிலியால் ஒன்றோடொன்று பிணைத்து வேலியாக்கி, அவ்வேலிக்குள் நூற்றுக்கணக்கான மரங்களை மிதக்க விடுவர். கட்டப்படாத ஆட்டு மந்தையைப் பட்டிக்குள் அடைத்து, பட்டியோடு சேர்த்து நகர்த்துவது போன்றது இது. இம்மிதவையை ஆர்தர் ஃபாஸ் போன்ற இழுவை எவ்வளவு வேகமாக இழுக்கும்? மணிக்கு ஒன்று அல்லது இரண்டு கடல்மைல். கரையில் ஒருவர் காலாற நடந்து சென்றால் இழுவையை முந்திவிடலாம். வேகம் கூட்டினாலோ மரங்கள் தடிகளுக்கு அடியில் புகுந்து சிதறிவிடும்.

ஹுவான் டி ஃபுக்கா நீரிணையிலும் பியூஜெட் உள்கடலிலும் ஓதநீரின் ஏற்ற இறக்கம் வலியது. நீரோட்டத்தின் வேகம் இழுவையின் வேகத்தை விஞ்சும் இடங்கள் பல. எதிர்நீரில் இழுத்தால் எரிபொருள் கரையும், தொலைவு கரையாது. சில வேளைகளில் பின்னோக்கியும் செல்ல நேரும். ஆதலின், ஓதநீர் தனக்குச் சாதகமாகத் திரும்பும் நேரத்தைக் கணித்து, அதுவரை ஒதுக்கமான குடாவில் மிதவையோடு காத்துக் கிடப்பர். காற்று முரணினால் நாள்கணக்கில் காத்திருப்பர். அதற்குள் கடற்புழு மரத்தைத் துளைக்கத் தொடங்கிவிடும் என்னும் கவலை ஒருபுறம். பொறுமையையும் கணக்கையும் ஒருங்கே வேண்டும் தொழில் இது. நம் கடலோர ஊர்களில் நீரோட்டமும் காற்றும் அறிந்து பாய் விரித்த தண்டையல்மாருக்கு இது புதிதாகத் தோன்றாது.

ஐந்து டாலர் தோணி

'வலோவா' கட்டப்பட்ட அதே 1889இல், அதே வடமேற்கில், டக்கோமா என்னும் ஊரில் மற்றொரு சிறு நிகழ்ச்சி நடந்தது. நார்வேயிலிருந்து குடியேறிய தியா ஃபாஸ் என்னும் பெண்மணி, கணவர் வெளியூரில் தொழில் புரிந்த காலத்தில், ஒரு பழைய துடுப்புத் தோணியை ஐந்து டாலருக்கு வாங்கினார். அதற்குப் பச்சையும் வெள்ளையுமாக வண்ணம் தீட்டினார். அதனை விற்று வேறு தோணிகள் வாங்கி, மீன்பிடிப்பவர்க்கும் உலாச் செல்வோர்க்கும் வாடகைக்கு விட்டார். அவ்வாடகைத் தோணிகளினின்றும் விசைப்படகுகளும், விசைப்படகுகளினின்றும் இழுவைகளும் வளர்ந்தன. 'எப்போதும் ஆயத்தம்' என்பது அந்நிறுவனத்தின் முழக்கம். தியா 1927இல் மறைந்தார். ஈராண்டுகளுக்குப் பின், 1929இல், அவருடைய மக்கள் 'வலோவா'வை விலைக்கு வாங்கினர். நாற்பது ஆண்டுகள் தனித்தனியே சென்ற இரு வரலாறுகள் அன்று ஒன்றாயின.

1933இல் இக்கலம் திரைப்படத்திலும் நடித்தது. இழுவைக் கப்பல் ஒன்றின் தலைவியாக விளங்கும் துணிவுமிக்க மூதாட்டியைப் பற்றி நார்மன் ரைலி ரெய்ன் எழுதிய கதைகளை 'டக்போட் ஆனி' என்னும் பெயரில் மெட்ரோ கோல்டுவின் மேயர் நிறுவனம் படமாக்கியது. மேரி டிரெஸ்லர் தலைவியாக நடித்தார். தலைவியின் கப்பலான 'நார்சிசஸ்' ஆக வேடமிட்டது நம் 'வலோவா'தான். அக்கதைத் தலைவிக்கு முன்மாதிரி தியா ஃபாஸே என்று பலரும் கூறிவந்தனர். வேடத்தின் பெயரை நாம் மூன்று பெயர்களுள் சேர்க்கவில்லை.

மறு ஆண்டு, 1934இல், உண்மையான மாற்றம் நிகழ்ந்தது. நீராவிப் பொறியும் கொதிகலனும் அகற்றப்பட்டன. சியாட்டில் நகரின் வாஷிங்டன் அயன் ஒர்க்ஸ் ஆலை செய்த, ஆறு உருளைகள் கொண்ட, 700 குதிரைத்திறன் டீசல் பொறி பொருத்தப்பட்டது. தியாவின் மூத்த மகனின் பெயரால் கலம் 'ஆர்தர் ஃபாஸ்' ஆயிற்று. நாற்பத்தைந்து வயதில் பெரும்பாலான மரக்கலங்கள் விறகாகிவிடும். இதுவோ அவ்வயதில் அக்கடற்கரையின் வலிமை மிக்க இழுவைகளுள் ஒன்றாகப் புத்துயிர் பெற்றது.

அப்பொறியின் இயல்பை அறிதல் சுவையானது. இன்றைய ஊர்தியில் இருப்பதுபோல் பின்னோக்கிச் செல்வதற்கான பற்சக்கர அமைப்பு அதில் இல்லை. பொறி எத்திசையில் சுழல்கிறதோ அத்திசையிலேயே விசிறியும் சுழலும். கலம் பின்னோக்கிச் செல்ல வேண்டுமாயின், பொறியை முற்றிலும் நிறுத்தி, அதன் வாயில்களைத் திறந்து மூடும் தண்டை இடம் மாற்றி, எதிர்த்திசையில் மீண்டும் தொடக்க வேண்டும். தொடக்குவதற்கு வேண்டிய விசையைத் தருவது கலன்களில் அடைத்து வைத்த அழுத்தக் காற்று. காற்று தீர்ந்தால் பொறி எழாது. துறைக்குள் பத்து முறை முன்னும் பின்னும் அசைய வேண்டியிருந்தால், பத்து முறைக்கும் காற்று போதுமா என்று கணக்கிட வேண்டும். இத்தனையும் செய்யும் பொறியாளர் இருப்பதோ நீர்மட்டத்துக்குக் கீழே. வெளியில் நடப்பது எதுவும் அவருக்குத் தெரியாது. மேலிருந்து வரும் மணியோசையும் முள்காட்டும் கருவியுமே அவருக்குக் கண். மேலே நிற்கும் தலைவருக்கு அவர் மறுமொழியே கை. கண் ஒருவருடையது, கை மற்றவருடையது. இடையில் ஒரு மணி. இவ்வேற்பாட்டில் ஒரு நொடித் தடுமாற்றம் நேரினும் கலம் துறைமேடையில் மோதும்.

வேக்குத் தீவு

1941ஆம் ஆண்டு. பசிபிக் பெருங்கடலின் நடுவே உள்ள வேக்குத் தீவில் அமெரிக்கக் கடற்படைக்காக விமானத்தளமும் பாசறைகளும் எழும்பிக்கொண்டிருந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடிமைத் தொழிலாளர் அங்கே வேலை செய்தனர். ஹவாய்த் தீவின் ஹொனலூலுவிலிருந்து ஏறத்தாழ 3,700 கிலோமீட்டர் தொலைவு. தீவைச் சூழ்ந்த பவளப்பாறையால் பெரிய கப்பல்கள் உள்ளே நுழைய இயலாது. வெளியே நிற்க, இழுபடகுகளே சரக்கைக் கரை சேர்க்க வேண்டும். பழைய தூத்துக்குடியில் கப்பல்கள் சில கல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, தோணிகள் சரக்கை ஏற்றி இறக்கிய காலத்தை அறிந்த பெரியோர்க்கு இவ்வேற்பாடு எளிதில் விளங்கும். ஆர்தர் ஃபாஸ், ஜஸ்டின் ஃபாஸ் என்னும் ஒரே நிறுவனத்து இழுவைகள் இரண்டும் கட்டுமானப் பணிக்காக அங்குச் சென்றன.

டிசம்பர் மாதத் தொடக்கத்தில் ஆர்தர் ஃபாஸ் வெற்றிழுபடகுகளைப் பின்னே கட்டிக்கொண்டு வேக்கிலிருந்து ஹவாய் நோக்கிப் புறப்பட்டது. ஜஸ்டின் ஃபாஸ் தீவிலேயே தங்கியது. புறப்பட்ட ஒருநாளுக்குள்ளாகவே பேர்ள் துறைமுகம் தாக்கப்பட்ட செய்தி வானொலியில் வந்தது. அடுத்த சில மணி நேரத்தில் வேக்கும் குண்டுவீச்சுக்கு இலக்காயிற்று. முன்னே தாக்குண்ட ஹவாய்; பின்னே தாக்குண்ட வேக்கு; நடுவே ஆயுதமற்ற ஒரு மரக்கலம். அதன் மேனியிலோ தொலைவிலிருந்து பளிச்சிடும் பச்சையும் வெள்ளையும்! மாலுமிகள் கையிலிருந்த வண்ணங்களைக் குழைத்துச் சாம்பல் நிறமாக்கிக் கலம் முழுவதும் பூசினர். தாம் இருக்குமிடம் தெரியாதிருக்க வானொலியில் பேசாது வாய்மூடிச் சென்றனர். இழுபடகுகளை விட்டுவிட்டு விரைந்திருக்கலாமே என்று நமக்குத் தோன்றலாம். அவ்விழுவைக்கு விரைவு என்பதே இயல்பன்று. விட்டுச் சென்றாலும் விமானத்தையோ போர்க்கப்பலையோ அது முந்தப் போவதில்லை. எரிபொருள் ஏறக்குறைய வறண்ட நிலையில் அது ஹொனலூலுவை அடைந்தது.

டிசம்பர் 23ஆம் நாள் வேக்குத் தீவு சப்பானியர் வசமாயிற்று. அதற்குமுன் அத்தீவினின்றும் தப்பிய கடைசிக் கப்பல் ஆர்தர் ஃபாஸ். ஜஸ்டின் ஃபாஸ் பகைவர் கையில் சிக்கியது; அதன் மாலுமிகள் ஏனைய தொழிலாளரோடு சிறைப்பட்டனர். சிறைப்பட்டோருள் பெரும்பாலோர் வேறு முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட, தீவிலேயே வேலைக்காக நிறுத்தப்பட்ட 98 தொழிலாளர் 1943 அக்டோபரில் கொல்லப்பட்டனர். ஒரே முதலாளியிடம், ஒரே பணிக்குச் சென்ற இரு கலங்கள். ஒன்று புறப்பட்டதும் மற்றொன்று தங்கியதுமே இத்துணை வேறுபாட்டுக்கும் காரணம். வீரச்செயல் என்று எதையும் நாம் இங்கே சுட்ட வேண்டுவதில்லை. 

பின்னர் அமெரிக்கக் கடற்படை இக்கலத்தைத் தன் பட்டியலில் சேர்த்து 'டோகாசன்' என்று பெயரிட்டது. டோகாசன் என்பது கயோவா என்னும் அமெரிக்கப் பழங்குடியினரின் தலைவர் ஒருவரது பெயர். முதற்பெயராகிய 'வலோவா'வும் நெஸ் பெர்சே பழங்குடியினரின் தாயகமாக விளங்கிய பள்ளத்தாக்கின் பெயரே. 1877இல் அம்மக்கள் அந்நிலத்தை விட்டு வெளியேற்றப்பட்டனர். நிலத்தை எடுத்துக்கொண்டு பெயரை மட்டும் கலத்துக்குச் சூட்டுவது வரலாற்றில் அரிதன்று. மொழி பயில்வோர் பெயர்ச்சொற்களைக் கடந்து செல்லும்போது இத்தகைய இடங்களில் சற்று நின்று பார்த்தல் தகும்.

போர் முடிந்தபின் கலம் ஃபாஸ் நிறுவனத்திடமே மீண்டது. பழைய பெயரும் பச்சை வெள்ளை வண்ணமும் திரும்பின. மீண்டும் அதே நீரிணை, அதே மரமிதவை, அதே ஓதநீர்க் கணக்கு. 1968இல் கடைசியாக இழுத்துவிட்டு ஓய்ந்தது. 1970இல் நிறுவனம் அதனை நார்த்வெஸ்ட் சீபோர்ட் என்னும் கடல்சார் அருங்காட்சியக அமைப்புக்கு நன்கொடையாக அளித்தது. 1989இல், நூறாவது அகவையில், தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

எது பழைய கலம்?

இங்கே ஒரு வினா எழுகின்றது. 1889இல் இருந்த பொறி இன்றில்லை. மேற்கட்டுமானம் மாறிவிட்டது. பெயர் மாறிவிட்டது. பலகைகள் பல புதியவை. பின் எதனை நாம் நூற்றாண்டு கண்ட கலம் என்கிறோம்? மரக்கலத் தொழில் அறிந்தவர்க்கு இவ்வினா வியப்பைத் தராது. மரக்கலம் என்பது ஒருமுறை கட்டி முடிக்கப்படுவதன்று; ஆண்டுதோறும் கட்டப்படுவது. பலகைகளின் இடுக்கில் பஞ்சும் நாரும் திணித்துக் கீல் பூசி நீர் புகாமல் அடைப்பதைக் கடலோர மக்கள் 'கலப்பத்து' என்பர். அரபியிலும் போர்ச்சுக்கீசிய மொழியிலும் இச்சொல்லுக்கு உறவான சொற்கள் உள்ளன. கலத்தோடு தொழிலும், தொழிலோடு சொல்லும் துறைதோறும் பயணம் செய்தமைக்கு இது சான்று. கலப்பத்து நின்றுபோன நாளில்தான் மரக்கலத்தின் முதுமை தொடங்குகிறது. உழைத்துக்கொண்டிருந்தவரை ஆர்தர் ஃபாஸுக்கு அப்பராமரிப்பு தவறவில்லை. அது ஈட்டிய கூலியே அதற்கு மருத்துவச் செலவாயிற்று. ஓய்வு பெற்றபின் ஈட்டுவது நின்றது, இற்றுப்போவது நிற்கவில்லை.

அது கட்டி வைக்கப்பட்ட இடம் சியாட்டில் நகரின் யூனியன் ஏரி. நன்னீராதலின் கடற்புழுவின் தொல்லை அங்கில்லை. ஆனால் உப்புநீரில் ஊறிய மரத்தை உளுக்கச் செய்யாத பூஞ்சை, மழைநீரில் நனைந்த மரத்தை எளிதில் உளுக்கிவிடும். கடலில் உழைத்த கலத்துக்குக் கீழிருந்து பகை. துறையில் ஓய்ந்த கலத்துக்கு மேலிருந்து பகை. சியாட்டிலோ மழைக்குப் பெயர்போன ஊர்.

அதே அமைப்பின் பொறுப்பில், அதே ஏரியில், 'வவோனா' என்னும் பாய்க்கப்பலும் இருந்தது. 1897இல் கட்டப்பட்டு, மரமும் பின்னர் மீனும் ஏற்றிய மூன்று பாய்மரக் கலம் அது. தொண்டர்கள் பல்லாண்டு முயன்றும் உளுத்துப்போவதைத் தடுக்கும் அளவுக்குப் பொருள் திரளவில்லை. 2009இல் அது பிரித்து உடைக்கப்பட்டது. அதன் மரத்துண்டுகளைக் கொண்டு ஜான் கிரேட் என்னும் சிற்பி 2012இல் ஏறத்தாழ 65 அடி உயரச் சிற்பம் ஒன்றைச் செய்ய, அது அவ்வேரிக் கரையிலுள்ள வரலாற்று அருங்காட்சியகத்தின் கூடத்தில் நிறுவப்பட்டது. அழகிய சிற்பமே. ஆயினும் கப்பலன்று.

ஆர்தர் ஃபாஸ் இந்நிலைக்கு ஆளாகாமல் நின்றதற்கு ஒரு காரணத்தை நாம் கருதுகிறோம். அதன் பொறி இயங்கும் நிலையில் வைக்கப்பட்டிருந்தது. தொண்டர்கள் அவ்வப்போது காற்றுக் கலன்களை நிரப்பி, உருளைகளுக்கு எண்ணெய் இட்டு, 1934ஆம் ஆண்டுப் பொறியை உயிர்ப்பித்தனர். ஆர்வமுள்ள இளைஞர்க்கு அதன் இயக்கத்தைக் கற்பித்தனர். அசையும் பொருளைக் காப்பதற்கு மக்கள் தரும் பொருளும் உழைப்பும், அசையாப் பொருளுக்கு அத்துணை எளிதில் கிடைப்பதில்லை போலும்.

இத்தகைய கலத்தை நீரினின்றும் உலர்துறைக்கு ஏற்றும்போது, அனுபவம் மிக்க தச்சர் கையில் சிறு சுத்தியலோடு அதன் உடலைச் சுற்றி நடப்பார். பலகை பலகையாகத் தட்டிக் காது கொடுப்பார். நல்ல மரம் கணீரென்று ஒலிக்கும்; உளுத்த மரம் மந்தமாக ஒலிக்கும். மந்தமாக ஒலித்த இடத்தில் சுண்ணக்கட்டியால் ஒரு குறி. குறியிட்ட பலகைகளைக் களைந்து, அளவெடுத்து, அதே ஃபர் மரத்தில் புதியன அறுத்துப் பொருத்தி, இடுக்கில் பஞ்சு திணித்துக் கீல் பூசி, மீண்டும் நீரில் இறக்குவர்.